பிரெஞ்சுக்காரங்க பூர்வீகம் எது? கோலுவா, ரோமன், ஃபிராங்க்... பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் தெரியல

செவ்வந்தி_ரூவான்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சுட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாங்க பிரான்ஸ்ல நார்மண்டிப் பக்கம் ரூவான்ல இருக்கோம். என் பொண்ணு சே.எம்.1 படிக்கிறா, அதாவது நாலாம் கிளாஸ். இங்க அந்த வகுப்புலதான் வரலாறு தனிப் பாடமா ஆரம்பிக்குது, முதல் பகுதியோட தலைப்பே "பிரான்ஸுக்கு முன்னாடி?"ன்னு கேள்விக்குறியோட இருக்கு. அதுல கெல்ட்டுகள், கோலுவாக்கள் (கோல்னு அந்தக் காலத்து நாட்டுப் பேரு, அங்க இருந்தவங்க கோலுவா), கிரேக்கர், ரோமர்னு வரிசையா வருது, அப்புறம் நாலாம் நூற்றாண்டுல இருந்து பத்தாம் நூற்றாண்டு வரைக்கும் ஜனங்க கூட்டம் கூட்டமா இடம் பெயர்ந்தது வருது. அவ அந்த நோட்டைத் தூக்கிட்டு வந்து சமையல்கட்டுல நின்னுக்கிட்டு கேட்டா, "அம்மா, எங்க கிளாஸ்ல யாரெல்லாம் கோலுவா?"

எனக்குச் சட்டுனு ஒண்ணும் வரல. அவ கிளாஸ்ல இருக்கிற பசங்க பேரை யோசிச்சுப் பார்த்தேன், ஒருத்தன் வீட்டுப் பேரு போலிஷ், ஒருத்தி போர்த்துகீசு, ரெண்டு பேரு அல்ஜீரியாவுல இருந்து வந்த குடும்பம், மத்தவங்க "சுத்த" பிரெஞ்சுன்னு நான் நினைச்சுட்டு இருந்தவங்க. ஆனா அவங்ககிட்ட பேசினா அதுவும் அப்படி இல்ல. மாடி வீட்டு பாட்டி "நாங்க நார்மன்"ங்கிறாங்க. என்கூட வேலை பார்க்கிறவர் பிரெஸ்ட் பக்கம், "நான் முதல்ல பிரெத்தோன், அப்புறம்தான் பிரெஞ்சு"ன்னு அழுத்திச் சொல்றாரு. பேசுற பாஷை லத்தீன்ல இருந்து வந்தது, நாட்டோட பேரு ஒரு ஜெர்மானியக் கூட்டத்தோட பேரு, சிலை வைக்கிறது கோலுவா வீரனுக்கு. இது மூணும் எப்படி ஒரே ஜனம் ஆச்சு? இவங்க யாரோட வம்சம்?

இன்னொண்ணு, எச்சில் குடுத்து பூர்வீகம் பார்க்கிற அந்த டெஸ்ட்டை இங்க யாரும் பண்ணின மாதிரியே தெரியலையே, ஏன்?

---

பழங்கணக்கு:

தங்கச்சி, உங்க பொண்ணு கேட்ட கேள்வியை இந்த நாட்டுல பெரிய பெரிய ஆளுங்க முந்நூறு நானூறு வருஷமா கேட்டுச் சண்டை போட்டிருக்காங்க, அதனால உடனே பதில் வரலையேன்னு வருத்தப்படாதீங்க.

பேரு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம். இந்த மூணையும் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தா பாதி குழப்பம் தீர்ந்துடும். மூணும் ஒரே இடத்துல இருந்து வந்திருக்கணும்னு நாமளா நினைச்சுக்கிறதாலதான் முடிச்சு விழுது.

முதல்ல கோல். அதுவே ஒரே ஜனம் கிடையாது. கி.மு. 58ல படையோட உள்ள வந்த ஜூலியஸ் சீசரே தன்னோட போர்க் குறிப்பை "கோல் மொத்தம் மூணு பாகம்"னுதான் ஆரம்பிக்கிறாரு: வடக்க பெல்கே, நடுவுல கெல்ட்டுகள், தென்மேற்குல அக்கித்தானி, மூணு பேரும் பாஷையிலயும் பழக்கத்துலயும் சட்டத்துலயும் வேற வேறன்னு எழுதறாரு. அந்த அக்கித்தானிங்க பேசினது இன்னைக்கு பாஸ்க் மொழியோட பழைய சொந்தம், அதுக்கும் கெல்ட்டுக்கும் லத்தீனுக்கும் ஒட்டே கிடையாது. தெற்கே மத்தியதரைக்கடல் கரையில அதுக்கும் அஞ்சு நூறு வருஷம் முன்னாடியே கிரேக்கருங்க குடியேறிட்டாங்க. இன்னைக்குத் துருக்கியில இருக்கிற ஃபொக்கேயாங்கிற ஊர்ல இருந்து கப்பல்ல வந்து கி.மு. 600 வாக்குல கட்டினதுதான் மார்செய், இப்பவும் அந்த ஊரைப் பேப்பர்ல எழுதும்போது "ஃபொக்கேய நகரம்"னுதான் எழுதுவாங்க. நீஸ், ஆந்தீப் ரெண்டும் அவங்க வெச்ச ஊர்தான், பேரும் கிரேக்கம்தான்.

கி.மு. 52ல அலேசியாங்கிற இடத்துல கோலுவா தலைவன் வெர்சிங்கெட்டோரிக்ஸ் சீசர்கிட்ட தோத்த பிறகு மொத்த நாடும் ரோம் கைக்குப் போச்சு. அதுக்காக இத்தாலியில இருந்து கோடி பேரு வந்து குடியேறிடல. வந்தது பட்டாளம், அதிகாரிங்க, வியாபாரிங்க. ஆனா நாலைஞ்சு நூற்றாண்டுல ஜனங்க தங்களோட பேச்சை விட்டுட்டு லத்தீனுக்கு மாறிட்டாங்க, ஏன்னா வேலை, கோர்ட்டு, சந்தை, பிறகு சர்ச், எல்லாமே அதுல நடந்துச்சு. ஆளு அதே ஆளு, பாஷை மாறிப்போச்சு. கோலுவா பேச்சுல மிஞ்சினது கொஞ்சம் வார்த்தைங்க, பெரும்பாலும் மண்ணோட சம்பந்தப்பட்டது. பாதைக்கு "ஷ்மேன்", செம்மறிக்கு "மூத்தோன்", ஓக் மரத்துக்கு "ஷேன்". எழுத்து வேலை பார்த்தவன் முதல்ல மாறினான், ஏர் பிடிச்சவன் கடைசியா மாறினான்னு இதை வெச்சே புரிஞ்சுக்கலாம். ஊர்ப் பேருல மட்டும் கோலுவா கூட்டங்க அப்படியே உட்கார்ந்திருக்கு. பாரிஸ்ல பாரிசி, ரேன்ஸ்ல ரேமி, அமியேன்ல அம்பியானி, தூர்ல தூரோனி. ரோமர் காலத்துப் பேரு அழிஞ்சு போய் அந்தப் பழைய ஜாதிப் பேரே திரும்ப வந்துடுச்சு, பாரிஸுக்கு ரோமர் சொன்ன பேரு லூத்தீசியா, அது இப்போ எங்க புழங்குது?

அப்புறம்தான் ஜெர்மானியருங்க. விசிகோத்துங்க 418ல தென்மேற்குல குடியமர்த்தப்பட்டு துலூஸைத் தலைநகரா வெச்சு ஆண்டாங்க, பர்கண்டியருங்க கிழக்க, ஃபிராங்குகள் வடக்க. ஃபிராங்கு ராஜா குளோவிஸ் 507ல விசிகோத்துங்களை அடிச்சு ஸ்பெயின் பக்கம் தள்ளினதோட நாட்டோட பேரு எந்தப் பக்கம் போகும்னு முடிவாயிடுச்சு. ஆனா ஃபிராங்குகள் ஏற்கெனவே அங்க இருந்த ஜனத்தோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி பேரு. அவங்க ஆட்சியைக் கைப்பத்தினாங்க, சட்டத்தைக் கொண்டு வந்தாங்க, கொஞ்சம் வார்த்தை குடுத்தாங்க (சண்டைக்கு "கேர்", தோட்டத்துக்கு "ழார்தேன்", நீலத்துக்கு "ப்லே"), கடைசியில அவங்களே லத்தீன் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஜெயிச்சவன் தோத்தவன் பாஷையை எடுத்துக்கிட்டான், தோத்தவன் ஜெயிச்சவன் பேரை எடுத்துக்கிட்டான்.

இந்தப் பேரு நம்ம வரைக்கும் வந்திருக்கு, அதைச் சொல்லாம விட மனசு வரல. சிலுவைப்போர் காலத்துல மேற்கு ஐரோப்பாவுல இருந்து வந்த எல்லாரையும் அரபுக்காரங்க ஃபிராங்குன்னே கூப்பிட்டாங்க, அது பாரசீகத்துல "ஃபரங்"னு ஆகி, தமிழ்ல "பரங்கி" ஆயிடுச்சு. நாம பரங்கிக்காய்னு சொல்லும்போது குளோவிஸோட கூட்டத்துப் பேரைத்தான் சொல்றோம்.

உங்க மாடி வீட்டுப் பாட்டி சொன்னது சரிதான். 911ல மூணாம் சார்ல்ஸ் ராஜா, சேன் ஆத்துல ஏறி வந்து கொள்ளையடிச்சுக்கிட்டு இருந்த வைக்கிங் தலைவன் ரொல்லோகூட ஒப்பந்தம் போட்டு ரூவானையும் சுத்துப்பட்ட நிலத்தையும் குடுத்துட்டாரு. வடக்கத்து ஆளு, நோர்மன், அதுதான் நார்மண்டி. ரொல்லோவோட கல்லறை உங்க ஊர் கதீட்ரல்லயே இருக்கு, பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அவங்க பாஷை ரெண்டு மூணு தலைமுறையில போயிடுச்சு, ஊர்ப் பேருல மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இவ்தோ மாதிரி "தோ"ன்னு முடியற ஊர் எல்லாம் வீட்டுமனைன்னு அர்த்தம். கோத்பெக், போல்பெக் மாதிரி "பெக்"னு முடிஞ்சா ஓடை. தியெப்னா ஆழம், துறைமுகத்து ஆழத்தை வெச்சு வந்த பேரு.

உங்க பிரெஸ்ட் நண்பர் கதை வேற. அவங்க முன்னோர்ல ஒரு பங்கு அஞ்சு ஆறாம் நூற்றாண்டுல பிரிட்டன் தீவுல இருந்து கடல் தாண்டி வந்தவங்க, அதனாலதான் அவங்க மொழி வேல்ஸ் மொழிக்குச் சொந்தம், பழைய கோலுவாவோட நேர் மிச்சம் இல்ல. அவங்க நாடான பிரித்தானி பிரான்ஸோட முறைப்படி சேர்ந்ததே 1532ல. அப்புறம் ருசியோன் 1659ல, லோரேன் 1766ல, கோர்சிகா 1768ல, நீஸும் சவுவாவும் 1860ல. இந்த ஜனங்க யாரும் பிரான்ஸுக்குக் குடி வரல, அவங்க இருந்த இடத்துக்கு பிரான்ஸ் வந்துச்சு.

---

செவ்வந்தி_ரூவான்:

ஐயா, ரொம்ப நன்றி. தினமும் பஸ்ல போகும்போது பார்க்கிற போர்டு எல்லாம் இப்போ வேற மாதிரி தெரியுது. ஆனா ரத்தம் ஒரு பக்கம்னு சொல்லிட்டு அதை அப்படியே விட்டுட்டீங்களே.

---

குளிர்பெட்டி_லியோன்:

அக்கா, ரத்தம் பத்தி நான் சொல்றேன், எனக்கு லேப்ல வேலை, பூர்வீக ஆராய்ச்சி என் துறை இல்லன்னாலும் இந்தப் பேப்பர் எல்லாம் வந்த அன்னைக்கே படிச்சுடுவேன், அவ்வளவு பிடிக்கும்.

பழங்கணக்கு ஐயா கோலுவால ஆரம்பிச்சாரு, ஆனா ரத்தக் கணக்குல பெரிய வேலை எல்லாம் அதுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே முடிஞ்சு போச்சு. மொத்தம் மூணு அடுக்கு. அடியில பனிக்காலத்து வேட்டைக்காரங்க. அதுக்கு மேல கி.மு. ஆறாயிரத்துக்கு அப்புறம் வந்த விவசாயிங்க, இவங்க மூலம் அனத்தோலியா (இன்னைக்குத் துருக்கி), ரெண்டு வழியா வந்தாங்க, ஒரு கூட்டம் மத்தியதரைக்கடல் கரையோரமா, இன்னொரு கூட்டம் டான்யூப் ஆத்தைப் பிடிச்சுக்கிட்டு நடு ஐரோப்பா வழியா. பிரித்தானியில கார்னாக்ல வரிசை வரிசையா நிக்குதே கல்லு, அது இந்த விவசாயி ஜனம் நட்டது, கோலுவாக்கள் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. மூணாவது அடுக்கு கி.மு. 2500 வாக்குல, கருங்கடலுக்கு வடக்க இருக்கிற புல்வெளியில மாடு குதிரை வெச்சு வாழ்ந்தவங்களோட வம்சம், அவங்க கிழக்க இருந்து கலந்து கலந்து வந்தவங்க. இன்னைக்கு பிரான்ஸ்ல பல தலைமுறையா இருக்கிற குடும்பங்களை எடுத்தா பெரும்பாலும் இந்த மூணு அடுக்கோட கலவைதான், அளவு மட்டும் ஊருக்கு ஊர் மாறும், வடக்க போகப் போக புல்வெளிப் பங்கு கூடும், பாஸ்க் பக்கம் குறையும். ரோமரும் ஃபிராங்கும் வைக்கிங்கும் எல்லாம் இந்தக் குழம்புல அப்புறம் போட்ட தாளிப்புதான், வாசனை தூக்கலா இருக்கும் ஆனா குழம்பு ஏற்கெனவே கொதிச்சு முடிஞ்சது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, குர்ழின்னு யோன் மாவட்டத்துல ஒரு ஊரு, அங்க கி.மு. 4850ல இருந்து 4500 வரைக்குமான ஒரு இடுகாடு தோண்டினாங்க. 94 பேரோட மரபணுவைப் படிச்சு 2023ல வெளியிட்டாங்க. அதுல 64 பேரு ஒரே குடும்ப மரம்! ஏழு தலைமுறை, அப்பா பிள்ளை பேரன்னு கோடு போட்டுக் காட்டிட்டாங்க. ஆம்பளைங்க அப்பா கூட்டத்தோடயே இருந்து அங்கயே புதைக்கப்பட்டவங்க. அவங்க பொண்டாட்டிங்களோட அப்பா அம்மா அங்க யாருமே இல்ல, அப்படின்னா எல்லாரும் வெளியூர்ல இருந்து வாழ வந்தவங்க. அந்த வீட்டுல பொறந்த பொண்ணுங்கள்ல வளர்ந்தவங்க ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர யாரும் அங்க இல்ல, வெளியூருக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு எங்க பாட்டி வீட்டுக் கதை கேட்ட மாதிரியே இருந்துச்சு. இன்னொண்ணு கேளுங்க, அந்த வம்சத்தை ஆரம்பிச்ச மூத்தவரு முழு எலும்புக்கூடா அங்க இல்ல. கை கால் பெரிய எலும்புங்க மட்டும் ஒரு பொம்பளை பக்கத்துல சேர்த்து வெச்சுப் புதைச்சிருக்கு. அதாவது வேற எங்கேயோ செத்துப் புதைஞ்சவரை, இவங்க இடம் மாறி வரும்போது எலும்பை எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. ஆறாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, எழுத்து கிடையாது, இரும்பு கிடையாது, ஆனா தாத்தாவை விட்டுட்டு வர மனசு இல்ல.

அப்புறம் நீம் நகரத்துல எட்டாம் நூற்றாண்டு வாக்குல உள்ள மூணு சமாதி கிடைச்சுது. மூணு பேரையும் வலது பக்கமா ஒருக்களிச்சு மெக்கா பக்கம் முகம் வெச்சுப் புதைச்சிருக்கு. 2016ல வந்த ஆய்வுல அவங்க தந்தை வழி வட ஆப்பிரிக்கான்னு வந்துச்சு. நார்போன் பக்கம் 719ல இருந்து 759 வரைக்கும் முஸ்லிம் ஆட்சி இருந்தது புத்தகத்துல இருக்கு, ஆனா கோட்டை கொத்தளத்தை விட இந்த மூணு பேரு எனக்கு அதிகமா பேசறாங்க, ஏன்னா ரோமர் காலத்து ஊரோட மதிலுக்குள்ளயே, தனியா ஒதுக்காம, மத்தவங்க சமாதிங்க இருக்கிற வட்டாரத்துலயே இவங்களையும் புதைச்சிருக்காங்க.

டெஸ்ட் பத்திக் கேட்டீங்க. இங்க அது சட்டப்படி குத்தம் அக்கா. மருத்துவம், ஆராய்ச்சி, கோர்ட் உத்தரவு, இந்த மூணுக்கு மட்டும்தான் மரபணுப் பரிசோதனை பண்ணலாம். ஆர்வத்துக்காக வெளிநாட்டுக் கம்பெனிக்கு எச்சில் அனுப்பினா 3,750 யூரோ வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. அதனால பண்றவங்களும் வெளிய சொல்ல மாட்டாங்க. ஆனா ஆராய்ச்சி நடக்குது. 2020ல ரெண்டாயிரம் பேருக்கு மேல சம்மதம் வாங்கிப் பார்த்ததுல, ஜனங்க மரபணு பிரியற கோடு பல இடத்துல ஆத்தை ஒட்டியே போகுது, லுவார் ஆறு, கரோன் ஆறு. பழைய பேச்சுவழக்கு மாறுற எல்லையும் கிட்டத்தட்ட அதேதான். பாலம் இல்லாத காலத்துல ஆத்துக்கு அக்கரையில யாரு போய்ப் பொண்ணு எடுப்பா?

---

ரெயூனியன்_பேத்தி:

வணக்கம். என் தமிழ் மெதுவான தமிழ். முப்பது வயதுக்கு மேல படிச்சேன், இன்னும் படிச்சுட்டு இருக்கேன். தப்பு இருந்தா சொல்லுங்க.

நீங்க எல்லாரும் பிரெஞ்சுக்காரங்க பூர்வீகம்னு எழுதறீங்க, அது நல்லா இருக்கு. ஆனா நானும் பிரெஞ்சுக்காரிதான். என் அம்மாவும், பாட்டியும், பாட்டியோட அம்மாவும் பிரெஞ்சுக்காரங்க. எங்க பூர்வீகம் தமிழ்நாடு.

இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸுக்குச் சொந்தமான எங்க ரெயூனியன் தீவுல 1848 டிசம்பர் 20ஆம் தேதி அடிமை முறை முடிஞ்சது. அறுபதாயிரம் பேருக்கு மேல ஒரே நாள்ல விடுதலை ஆனாங்க. கரும்புத் தோட்டத்து முதலாளிங்களுக்கு ஆள் வேணும். அதனால பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகத்துல இருந்து கப்பல் கப்பலா ஜனங்களைக் கூட்டிட்டு வந்தாங்க, அஞ்சு வருஷ ஒப்பந்தம்னு சொல்லி. 1882ல ஆங்கிலேய அரசாங்கம் நிறுத்தற வரைக்கும் வந்துட்டே இருந்தாங்க. நிறைய பேரு திரும்பிப் போகல. எங்க தீவுல எங்களுக்கு "மல்பார்"னு பேரு, மலபார் கரைன்னு தப்பா நினைச்சு வெச்சது, ஆனா நாங்க மலபார் இல்ல.

என் தாத்தா வீட்டுல ஒரு பழைய தாள் இருந்துச்சு, ஒப்பந்தத் தாள் இல்ல, அதோட நகல். அதுல பேருக்குப் பக்கத்துல நம்பர் இருக்கு, கப்பல் பேரு இருக்கு, வயசு இருக்கு, "வலது முழங்கால்ல தழும்பு"ன்னு அடையாளம் எழுதி இருக்கு. ஊர்ப் பேரு இருக்கிற இடத்துல மை கரைஞ்சு போச்சு. அதை நான் பூதக்கண்ணாடி வெச்சு எத்தனையோ தடவை பார்த்துட்டேன். கடைசி எழுத்து மட்டும் தெரியுது.

எங்க ஊர்ல ராமசாமி, வீரப்பன், முத்துசாமின்னு குடும்பப் பேரு நிறைய இருக்கு, "சாமி"யை பிரெஞ்சு எழுத்துல ரெண்டு "எஸ்" போட்டு எழுதுவோம். பெரும்பாலானவங்களுக்குத் தமிழ் தெரியாது, வீட்டுல கிரியோல், அதாவது தீவுல உண்டான கலப்பு பிரெஞ்சு, பேசுவோம். ஆனா கோயில் இருக்கு, தீமிதி இருக்கு, மாரியம்மன் இருக்கு.

கரீபியன் கடல்ல இருக்கிற குவாதலூப் தீவுக்கும் தமிழங்க போனாங்க, முதல் கப்பல் "ஒரேலி" 1854 டிசம்பர் 24ஆம் தேதி வந்துச்சு. அங்க பொறந்த பிள்ளைங்களுக்குக்கூட ஓட்டுரிமை இல்லைன்னு சொன்னாங்க. ஒன்றி சிதம்பரம்னு ஒருத்தர், 1863ல குவாதலூப்ல பொறந்தவர், 1904ல ஆரம்பிச்சு வழக்கு நடத்தி 1923ல அந்த உரிமையை வாங்கினாரு. பத்தொன்பது வருஷம். அவர் பேரைப் பாருங்க, சிதம்பரம். அவர் பிரெஞ்சு வரலாறு, தமிழ் வரலாறு, ரெண்டும்.

செவ்வந்தி அக்கா, உங்க பொண்ணு இந்த நாட்டுல முதல் தமிழ்ப் பொண்ணு இல்லைன்னு அவகிட்ட சொல்லுங்க. எங்க பாட்டிங்க நூத்தியைம்பது வருஷம் முன்னாடியே வந்துட்டாங்க.

---

செவ்வந்தி_ரூவான்:

அம்மா, உங்க தமிழ்ல ஒரு தப்பும் இல்ல. அந்த மை கரைஞ்ச இடத்தைப் படிச்சதும் எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. இதை நான் கண்டிப்பா அவகிட்ட சொல்றேன்.

---

லான்ஸ்_வடக்கன்:

நான் வடக்க பா-து-கலேங்கிற சுரங்கப் பகுதியில பதினாலு வருஷமா இருக்கேன். எங்க தெருவுல தபால் பெட்டியில இருக்கிற பேருங்களைப் படிச்சாலே போதும், பாதி "ஸ்கி"ன்னு முடியும், கால்வாசி "வான்"னு ஆரம்பிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல பிள்ளைப் பேறு மத்த நாட்டை விட சீக்கிரமே குறைஞ்சுடுச்சு, ஜெர்மனி இங்கிலாந்துல ஜனம் பெருகி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டு இருந்தப்போ இங்க ஆலைக்கும் சுரங்கத்துக்கும் ஆள் பத்தல. முதல்ல பெல்ஜியத்துக்காரங்க வந்தாங்க, அப்புறம் இத்தாலிக்காரங்க. முதல் உலகப்போர்ல பதினாலு லட்சம் பிரெஞ்சு ஆளுங்க செத்தாங்க, சுரங்கம் எல்லாம் தண்ணி புகுந்து நாசம், அதனால 1919ல போலந்தோட அரசாங்க அளவுல ஒப்பந்தம் போட்டு ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க, 1931 கணக்கெடுப்புல போலிஷ்காரங்க மட்டும் அஞ்சு லட்சம். ஆர்மீனியாக்காரங்க இனப்படுகொலையில தப்பிச்சு மார்செய்ல வந்து இறங்கினாங்க. 1939 ஆரம்பத்துல ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல தளபதி ஃபிராங்கோ ஜெயிச்சப்போ நாலரை லட்சத்துக்கு மேல ஸ்பெயின்காரங்க பனியில பிரெனே மலையைத் தாண்டி வந்தாங்க, கடற்கரை மணல்ல கம்பி வேலி போட்டு உட்கார வெச்சாங்க அவங்களை. அப்புறம் போர்ச்சுகல், அல்ஜீரியா, மொரோக்கோ, செனகல், மாலி, வியட்நாம், நம்ம ஈழத்து சனமும்தான்.

நான் சொல்ல வந்தது என்னன்னா, இன்னைக்கு "இவங்க நம்மளோட ஒட்ட மாட்டாங்க"ன்னு யாரைப் பத்திப் பேசுறாங்களோ அதே பேச்சை அன்னைக்கு இத்தாலிக்காரன் மேலயும் பேசினாங்க. 1893 ஆகஸ்ட்ல ஏக்-மோர்த்னு தெற்கே உப்பளம் இருக்கிற ஊரு, அங்க வேலை செஞ்ச இத்தாலிக்காரங்களைத் தடியும் கல்லும் எடுத்துத் துரத்தி அடிச்சே கொன்னாங்க, கேஸ்ல மாட்டினவங்க எல்லாரும் விடுதலை. அந்த இத்தாலிக்காரங்களோட கொள்ளுப்பேரனுங்களை இன்னைக்கு யாராவது வெளியாளுன்னு சொல்லுவாங்களா? 1930கள்ல வேலை குறைஞ்சதும் எங்க பக்கத்து போலிஷ் சுரங்கத்து ஆளுங்களைக் குடும்பத்தோட ரயில் ஏத்தித் திருப்பி அனுப்பினாங்க, என் பக்கத்து வீட்டுத் தாத்தாவோட அண்ணன் குடும்பம் அப்படிப் போனதுதான். ஒரு அண்ணன் அங்க, ஒரு தம்பி இங்க. தாத்தா இப்பவும் ஈஸ்டருக்கு முட்டைக்கு மெழுகுக் கோலம் போட்டு எங்க வீட்டுக்குக் குடுத்தனுப்புவாரு. அவரு சுத்தமான சுரங்கத்துப் பிரெஞ்சு, இந்த ஊரு பேச்சைத் தவிர வேற பேசத் தெரியாது.

இன்ஸே, அதாவது இங்க கணக்கெடுக்கிற அரசாங்க நிறுவனம், 2023ல சொன்னது: அறுபது வயசுக்குக் கீழ இருக்கிறவங்கள்ல மூணுல ஒருத்தர் தானோ, அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ வெளிநாட்டுல இருந்து வந்தவங்க. மூணு தலைமுறைக்கே இது, நாலாவதைக் கேட்டா எங்க ஊர்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க.

---

நேர்கோடு:

எல்லாரும் சொல்றதைப் பார்த்தா பிரெஞ்சு இனம்னு ஒண்ணே கிடையாதுன்னு ஆகுதே. அப்போ "எங்க முன்னோர் கோலுவா"ன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது பொய்யா?

---

பழங்கணக்கு:

தம்பி, பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. லியோன் தம்பி சொன்ன கணக்குப்படியே பார்த்தா இந்த மண்ணுல தொடர்ந்து இருந்த ஜனத்தோட ரத்தம் பெரும்பங்கு இருக்கத்தான் செய்யுது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா "முன்னோர்"னு யாரைத் தேர்ந்தெடுத்தாங்கங்கிறது காலத்துக்குக் காலம் மாறிட்டே வந்திருக்கு, அதுதான் எனக்கு இதுல முக்கியமான விஷயமா படுது.

ஏழாம் நூற்றாண்டுல இருந்து ரொம்ப காலம் ஃபிராங்குகள் கிரேக்கக் கதையில வர்ற ட்ராய் நகரத்துல இருந்து தப்பி வந்தவங்கன்னு எழுதி வெச்சிருந்தாங்க, ட்ராய் வம்சம்னு சொல்லிக்கிட்ட ரோமருக்கு மட்டும் அந்தப் பெருமை இருக்கலாமா, நமக்கும் இருக்கட்டும்னு. 1714ல நிக்கோலா ஃப்ரேரேன்னு ஒரு இளைஞர், ஃபிராங்குகள் ட்ராயும் இல்ல ஒண்ணும் இல்ல, ஜெர்மானியக் கூட்டங்க சேர்ந்து உண்டானவங்கன்னு கட்டுரை வாசிச்சாரு. அதே வருஷக் கடைசியில அவரைப் பாஸ்டில் சிறையில போட்டாங்க. அந்தக் கட்டுரைக்காகத்தான்னு காலங்காலமா சொல்லிட்டு வர்றாங்க.

அப்புறம் புலாங்வில்லியே பிரபு, பிரபுக்கள் எல்லாம் ஜெயிச்ச ஃபிராங்கு வம்சம், குடியானவங்க தோத்த கோலுவா வம்சம், அதனால எங்களுக்கு வரி கட்டுறது உங்க தலையெழுத்துங்கிற மாதிரி ஒரு கொள்கையையே கட்டினாரு. இதுக்கு 1789ல சியேயெஸ் பாதிரியார் குடுத்த பதில்தான் பதில்: அப்படின்னா நீங்க வந்த ஃபிராங்கோனியா (ஜெர்மனியில இருக்கு) காட்டுக்கே உங்களைத் திருப்பி அனுப்பிடலாமேன்னு எழுதினாரு. பாருங்க, புரட்சியே ஒரு பக்கத்துல யாரு யாரோட பிள்ளைங்கிற சண்டைதான்.

பிரபுக்கள் ஃபிராங்கை எடுத்துக்கிட்டதால ஜனங்க கோலுவாவை எடுத்துக்கிட்டாங்க. பேரரசர் மூணாம் நெப்போலியன் அலேசியாவுல தோண்ட வெச்சு 1865ல வெர்சிங்கெட்டோரிக்ஸுக்குப் பெரிய சிலை வெச்சாரு. 1870ல ஜெர்மன்காரங்ககிட்ட தோத்த பிறகு ஜெர்மானிய முன்னோர் யாருக்கும் வேண்டாம், அதனால மூணாம் குடியரசுப் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைக்கும் கோலுவாதான் தாத்தான்னு ஆச்சு. அந்தப் பாடத்தைத்தான் ரெயூனியன் அம்மாவோட தாத்தா பாட்டிங்களும் பெஞ்சுல உட்கார்ந்து ஒப்பிச்சிருப்பாங்க.

இப்போ பாடத்துல "எங்க முன்னோர்"ங்கிற வார்த்தையை எடுத்துட்டு "பிரான்ஸுக்கு முன்னாடி?"ன்னு போட்டிருக்காங்க. அந்தக் கேள்விக்குறி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

---

ரெயூனியன்_பேத்தி:

ஆமா ஐயா. என் பாட்டி அந்தப் பாடத்தை மனப்பாடமா சொல்லுவாங்க. சொல்லி முடிச்சுட்டு சாமி விளக்கு ஏத்தப் போவாங்க.

---

செவ்வந்தி_ரூவான்:

எல்லாருக்கும் நன்றி. மூணு நாளா ராத்திரி இதைத்தான் படிச்சுட்டு இருந்தேன், கொஞ்சம் கொஞ்சமா அவளுக்கும் சொன்னேன். குர்ழி தாத்தாவோட எலும்பு கதையை ரெண்டு தடவை சொல்லச் சொன்னா. அந்தப் பொம்பளை யாருன்னு கேட்டா, பக்கத்துல புதைச்சிருக்காங்களே, அது அவரோட பொண்டாட்டியா அம்மாவான்னு. தெரிஞ்சா லியோன் தம்பி சொல்லுங்க, அவ விட மாட்டேங்கிறா.

நேத்து பஸ்ல போகும்போது ஜன்னல்ல மூக்கை ஒட்டி வெச்சுக்கிட்டு "தோ, பெக், தோ"ன்னு போர்டைப் பார்த்து எண்ணிட்டே வந்தா. அப்புறம் திடீர்னு, "நம்ம ஊரு பேரு தோவும் இல்ல, பெக்கும் இல்ல, அது யாரு வெச்சது?"ன்னா. தேடிப் பார்த்தேன். ரூவானோட பழைய பேரு ரோத்தோமாகுஸ், வெலியோகாஸ்னு ஒரு கோலுவா கூட்டத்தோட ஊரு, "மாகுஸ்"னா அவங்க பாஷையில சந்தை கூடுற திடல். வைக்கிங் வந்து ஊரைப் பிடிச்சு, சுத்தி நிறைய ஊருக்குப் பேரு வெச்சு, இந்தப் பேரை மாத்தாம விட்டிருக்காங்க.

ஞாயித்துக்கிழமை கதீட்ரலுக்குப் போறோம், ரொல்லோ கல்லறையைப் பார்க்க. நோட்டுல எழுதறதுக்கு அவ கேள்வி எல்லாம் இப்பவே எழுதி வெச்சுட்டா, முதல் கேள்வி "நீங்க எந்த மொழியில தூங்கறீங்க?"